பூனைக்கு மணி கட்டினால் போதுமா?

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பழமொழி கேட்கும். நான் கட்டினேன். கடைத்தெருவில் சின்ன மணி ஒன்று வாங்கி, கயிற்றில் கோத்து, என் கையாலேயே கட்டினேன். பதினைந்தாவது நாள் விடியற்காலை, அந்த மணி கிணுகிணுக்க எங்கள் பூனை வந்தது. வாயில் இருந்த ஆட்காட்டிக் குஞ்சை என் கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தது.

அன்றும் மறுநாளும் தாய்ப் பறவை வயலின் மூலையில் கத்திக்கொண்டே சுற்றியது. அந்தச் சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு முந்தின வாரம்தான், பறவைகளுக்கு இடம் கொடுத்த விவசாயி என்று என்னைப் பற்றி நானே நாலு பேரிடம் பெருமையாகப் பேசியிருந்தேன்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பயிர்க்கடன் விண்ணப்பத்தில் உரச் செலவு, மருந்துச் செலவு என்று எழுதியிருந்ததை எல்லாம் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன். ஓய்வுக்குப் பிறகு வாலாஜாபாத் பக்கம் மூன்றரை ஏக்கரில் மருந்தில்லாமல் விவசாயம் செய்கிறேன். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, கொஞ்சம் கத்தரி, வெண்டை. இயற்கை விவசாயத்துக்கு வந்த பிறகுதான், பறவை என்பது வேடிக்கை பார்க்கிற பொருள் இல்லை, சம்பளம் வாங்காத வேலையாள் என்று புரிந்தது. அந்த வேலையாளை நம்ம வீட்டுப் பூனையே தின்றால் என்ன செய்வது? இரண்டு வருஷம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பூனை எப்படி வந்தது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் மனைவி வழிச் சொந்தக்காரர்கள் வீட்டில் தறி ஓடுகிறது. தறி வீட்டில் எலிக்கு இரண்டு ஈர்ப்பு. ஒன்று வீட்டுச் சாப்பாடு. இன்னொன்று பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி. ராத்திரியில் எலி பாவைக் கடித்து வைத்தால் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும். புடவையே கெட்டுப்போனால் பல நாள் கூலி போச்சு. அதனால் தறிக்காரர் வீட்டில் பூனைக்கு மரியாதை உண்டு.

எங்கள் கொட்டகையில் விதைநெல் மூட்டையை எலி ஓட்டை போட ஆரம்பித்ததும், அந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டைக்குட்டியை வாங்கி வந்தோம். முதுகில் மஞ்சள் கோடு இருந்ததால் ஜரிகை என்று பெயர் வைத்தாள் பேத்தி. ஆறு மாதத்தில் கொட்டகையில் எலித் தொல்லை பாதியாகக் குறைந்தது. எட்டாவது மாதத்தில் ஜரிகை நாலு குட்டி போட்டது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

பறவை நமக்கு ஏன் முக்கியம்

வேடந்தாங்கலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்பு எங்கள் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. அந்த ஏரியில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு எதிராக, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் போய் முறையிட்டுத் தடை வாங்கினார்கள். காரணம், எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளைந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். யூரியா என்ற சொல்லே ஊருக்குள் வராத காலம் அது. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன. அதற்கு இருநூறு வருஷம் முன்பே ஊர்க்காரர்கள் அந்த ஏரிக்குக் காவல் போட்டுவிட்டார்கள்.

அங்கே இன்னொரு பாடமும் இருக்கிறது. நாரையும் கொக்கும் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை பூனையோ கீரியோ அந்த மரத்தில் ஏறுவது கஷ்டம். இதைப் பிறகு நம்ம வயலுக்கும் பயன்படுத்துவோம்.

நம் வயல் பறவைகளின் வேலை வேறு மாதிரி. கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, குச்சிமேல் உட்கார்ந்து பறக்கும் அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். தையல்சிட்டு கத்தரி இலைக்கு அடியில் தேடும். மைனாவும் உண்ணிக்கொக்கும் உழவுக்குப் பின்னாலேயே வரும். ஆட்காட்டி, வானம்பாடி, நெட்டைக்காலி, கௌதாரி எல்லாம் தரையிலேயே முட்டையிடும். பூனையிடம் முதலில் மாட்டுவது இந்தத் தரைப் பறவைகளும், கூட்டைவிட்டு இறங்கிப் பறக்கத் தெரியாமல் தத்திக்கொண்டிருக்கும் குஞ்சுகளும்தான்.

கணக்குப் புத்தகம் சொன்னது

பழைய வங்கிப் பழக்கம், எதையும் எழுதி வைப்பது. குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனதிலிருந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் எலி, வலது பக்கம் பறவை. வாசலுக்கு வந்து சேர்ந்ததை மட்டும் எழுதினேன். நாலு மாதத்தில் எலி 31, பறவை 19. ஓணான், அரணை தனி.

பறவை பத்தொன்பதுதானே என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா கட்டிப் பார்த்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பிடித்த இரையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தன. மீதியைத் தின்றன, அல்லது பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டன. அப்படியென்றால் என் நோட்டில் இருப்பது கணக்கில் வந்த தொகை மட்டும்.

கூட வேலை செய்யும் அம்மா ஒருநாள் வெண்டைப் பாத்தியில் நின்று சொன்னார்: "சார், இந்த வருஷம் கரிக்குருவியே காணோம். பூச்சி எவ்ளோ பறக்குது பாருங்க." நான் நட்ட பறவைக் குச்சிகள் வெறுமனே நின்றன. அவற்றில் பாதி வரப்புப் புதரை ஒட்டியே நட்டது. புதருக்குள் பூனை, மேலே குச்சி. பறவையை அழைத்து உட்காரவைத்து நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"பூனை பிடிப்பது இயற்கைதானே?"

நண்பர்கள் பலர் இதைக் கேட்டார்கள். கீரியும் பாம்பும் வல்லூறும் பிடிக்கவில்லையா? பிடிக்கும். செம்போத்தும் காக்கையும்கூட முட்டை தின்னும். ஆனால் கீரிக்கு இரை குறைந்தால் குட்டியும் குறையும். அதன் எண்ணிக்கைக்கு வயலே ஒரு வரம்பு போட்டிருக்கிறது. வீட்டுப் பூனைக்கு அந்த வரம்பு கிடையாது. வயலில் பறவை தீர்ந்தாலும் வீட்டில் தட்டு இருக்கிறது. அதனால் பறவை குறையும், பூனை குறையாது.

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-ல் கலங்கரை விளக்கம் வந்தது. கூடவே பூனையும் வந்தது. பறக்கத் தெரியாத சின்னக் குருவி ஒன்று அந்தத் தீவில் இருந்தது. ஓரிரு வருஷத்துக்குள் அந்த இனமே இல்லாமல் போச்சு. ஒரே பூனை மொத்தத்தையும் தின்றுவிட்டது என்று கதையாகச் சொல்வார்கள்; உண்மையில் அங்கே பூனைகள் குட்டி போட்டுப் பெருகின. அமெரிக்காவில் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு, யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியே திரியும் பூனைகளுடையது. நாம் வளர்க்க முடியாமல் விட்ட குட்டிகள்தான் பிறகு அப்படித் திரிகின்றன.

கோணிப்பையும் விஷமும் தீர்வு இல்லை

பக்கத்து வயல்காரர் சொன்ன யோசனை: "கோணியில் போட்டு ஆத்துக்கு அந்தாண்ட விட்டுடுங்க." இன்னொருவர் எலி மருந்தைக் கருவாட்டில் வைக்கச் சொன்னார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. பட்டினியில் சாகும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவதும் விஷம் வைப்பதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் கணக்கு உதைக்கும். ஒரு பூனை போன இடத்துக்குத் தெருப்பூனை இன்னொன்று வரும். பூனையே வராவிட்டால் எலி ஏறும். எலி ஏறினால் ஜிங்க் பாஸ்பைடு, புரோமடியோலோன் என்று கை நீளும். விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். நாம் எதை விட்டு ஓடி வந்தோமோ அதே இடத்துக்குப் போய் நிற்போம்.

ஆகவே பூனையும் வேண்டும், பறவையும் வேண்டும். அதற்கு நான் வந்து சேர்ந்த ஏற்பாடு எளிமையானது: கொட்டகை பூனைக்கு, வயல் பறவைக்கு.

என்ன செய்யலாம்

1. முதல் வேலை கருத்தடை. பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் இரண்டு மாதம். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று என்றால் பெருக்கத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். குட்டிகள் நாலையும் கேட்டு வாங்கியவர்களுக்குக் கொடுத்தோம். ஜரிகைக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம், வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டோம். உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மீதி எல்லா யோசனையும் இதற்குப் பிறகுதான்.

2. நேரத்தைப் பிரியுங்கள். பறவைகள் அதிகம் தரையில் இரை தேடுவது விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாயும் முன்பும். அந்த நேரங்களில் பூனை வெளியே இருக்கக் கூடாது. மாலை ஐந்து மணிக்குத் தீனியைக் கொட்டகைக்குள் வைப்போம். அது உள்ளே வந்ததும் கதவை அடைப்போம். இரவு முழுக்க நெல் மூட்டைக்கும் தீவனத்துக்கும் அதுதான் காவல். காலை ஒன்பது மணிக்குத் திறப்போம். வெயில் ஏறினால் பூனையும் நிழலைத் தேடிப் படுத்துவிடும். பழக்க மூன்று வாரம் ஆச்சு. முதல் வாரம் கத்தித் தீர்த்தது, பொறுத்துக்கொண்டோம்.

3. தீனியை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் கறி, மீன் சமைப்பதில்லை. ஜரிகைக்கும் பால்சோறுதான் போட்டோம். அது எங்கள் தவறு. பூனை மாமிசம் தின்றே வாழவேண்டிய பிராணி. பால்சோற்றில் வயிறு நிறையும், சத்து நிறையாது. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகம் 355 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. தானியம் சேராத, மாமிசப் புரதம் மிகுந்த தீனி கொடுத்தபோது, பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. இப்போது வேலைக்கு வரும் அம்மா வீட்டில் மீன் தலை, கோழி ஈரல் வேகவைத்து எடுத்து வருகிறார், காசு கொடுத்துவிடுகிறோம். கருவாடு போடுவதானால் உப்புப் போக அலசிப் போடுங்கள்.

"சோறு போட்டா எலி பிடிக்காது" என்று நம்ம ஊரில் சொல்வார்கள். பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் கண்ணெதிரே எலி ஓடினால் விடாது. அதைக் கொட்டகைக்குள் அடைப்பதே அதற்காகத்தான்.

4. தினம் பத்து நிமிஷம் விளையாட்டு. அதே ஆய்வில், தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷம் பூனையோடு விளையாடிய வீடுகளில் இரை 25 சதவீதம் குறைந்தது. குச்சியில் துணி முடிச்சைக் கட்டி ஆட்டினால் போதும். தறி வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நூல் கழிவைக் கொடுத்து விளையாட விடாதீர்கள். நூலை விழுங்கினால் குடலில் சிக்கிப் பூனை செத்துப்போகலாம்.

5. மணியை விடக் கலர்த் துணி நல்லது. இங்கிலாந்தில் முன்பு நடந்த சில சோதனைகளில் மணி கட்டிய பூனைகள் குறைவாகப் பிடித்தன. 2021 ஆய்வில் மணியால் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. என் அனுபவமும் அதுதான். பூனை அசையாமல் பதுங்கும்போது மணி ஒலிக்காது. கடைசிப் பாய்ச்சலில் ஒலிக்கும். பறக்கத் தெரியாத குஞ்சுக்கு அந்தச் சத்தம் கேட்டு என்ன பயன்?

அதே ஆய்வில், பளிச்சென்ற பல நிறத் துணியைக் கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்துக் கட்டிய பூனைகள் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. எலி முதலான பாலூட்டிகளில் மாற்றம் தெரியவில்லை. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும், தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடும். இருட்டில் திரியும் எலிக்கு அந்த நிறம் தெரியாது. நமக்கு இதைவிட என்ன வேண்டும்? என் மனைவி ரவிக்கை வெட்டிய துண்டுகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்து ஒன்று தைத்தாள். பட்டு ஊர்ப் பூனை, கொடுப்பினைதான். உள்ளே கழுத்துப்பட்டை இழுத்தால் பிரியும்படி இருக்கவேண்டும், ஒட்டுப்பட்டி வைத்துத் தைக்கலாம். இறுக்கமான கயிறு கட்டினால் கருவேல முள்வேலியில் மாட்டிப் பூனை தொங்கிவிடும். நான் முதலில் கட்டிய மணிக்கயிறு அந்த மாதிரி ஆபத்தானதுதான்.

6. மரத்துக்குத் தகரம், தரைக்கூட்டுக்குத் தள்ளி நிற்பது. தென்னையில் எலி ஏறாமல் தகரம் அடிப்போமே, கூடு இருக்கும் வேம்புக்கும் புங்கனுக்கும் அதையே செய்யலாம். தரையிலிருந்து ஆறடி உயரத்தில், இரண்டடி அகலத் தகடு சுற்றுங்கள். ஆணி அடிக்காமல் கம்பியால் தளர்வாகக் கட்டினால் மரம் பெருக்க இடம் இருக்கும். பக்கத்து மரத்திலிருந்து தாவும்படி கிளை இருந்தால் கழித்துவிடுங்கள். வேடந்தாங்கல் மரத்தைச் சுற்றிய தண்ணீர் செய்கிற வேலையை இந்தத் தகடு செய்யும். தகடு இல்லையென்றால் அடிமரத்தைச் சுற்றி இலந்தை முள் கட்டுங்கள்.

ஆட்காட்டி முட்டையைக் கண்டால் கிட்டே போய்ப் போய்ப் பார்க்காதீர்கள். தள்ளி நாலு குச்சி நட்டு, அந்த இடத்தை உழாமல் விடுங்கள். அடைகாப்பு நாலு வாரம். குஞ்சுகள் பறக்க அதற்கு மேலும் ஒரு மாதம் ஆகும். அத்தனை நாளும் பகலிலும் பூனையைக் கட்டுக்குள் வைப்பது நல்லது. சொர்ணவாரிப் பட்டத்துக்கு உழும்போது இந்தக் கூடுகள் கண்ணில் படும், டிராக்டர் ஓட்டுபவரிடமும் சொல்லி வையுங்கள்.

7. குச்சியும் தண்ணீர்த் தொட்டியும் திறந்த வெளியில். பறவைக் குச்சி ஏக்கருக்கு பதினைந்து இருபது நடுகிறோம். புதரிலிருந்து பத்தடியாவது தள்ளி, பயிருக்கு மேல் ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். நெல் பால் பிடிக்கும்போது எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவை வந்து உட்காரும். தண்ணீர்ச் சட்டியையும் தரையில் வைக்காமல், பூனை பதுங்க மறைவு இல்லாத இடத்தில் மேடை போட்டு வையுங்கள்.

வயல் எலிக்கு யார்?

பூனையை அடைத்தால் வரப்பெலியை யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. வயலில் பூனையை விடக் கூகையும் புள்ளி ஆந்தையும் கெட்டிக்காரர்கள். காய்ந்த பனைமட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தால் இரவில் வந்து உட்காரும். வரப்பை ஒல்லியாக வைத்தால் எலி வளை தோண்ட இடம் குறையும். தஞ்சாவூர்க் கிட்டி வைக்கலாம். எங்கள் பக்கத்தில் இருளர்கள் வளையைப் பார்த்தே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அறுவடைக்குப் பிறகு அவர்களைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்கிறோம். கூலியும் அவர்களுக்கு, வளைக்குள் எலி சேர்த்த நெல்லும் அவர்களுக்கு.

இப்போது நிலைமை

இதையெல்லாம் செய்த மறு வருஷம் அதே நாலு மாதத்தில் நோட்டில் எலி 27, பறவை 4. ஒரே பூனை, ஒரே தோட்டம், குட்டிகளும் இல்லை. இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். எந்த யோசனை எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் வேம்பில் கரிச்சான் மறுபடி கூடு கட்டியது. தவிட்டுக்குருவிகள் களத்துமேட்டுக்கே வந்து சத்தம் போடுகின்றன.

ஆட்காட்டியும் இந்தக் கோடையில் வந்தது. நாலு முட்டை. இரண்டு குஞ்சைக் காக்கை தூக்கிப் போச்சு, அதை நான் தடுக்கவில்லை. மீதி இரண்டு பறந்து போனதை வேலைக்கு வரும் அம்மாதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். ஜரிகை அப்போது கொட்டகைக் கதவுக்குப் பின்னால் இருந்து கத்திக்கொண்டிருந்தது; மணி எட்டரைதான் ஆகியிருந்தது.

உங்கள் வீட்டிலும் பூனை இருந்தால் ஒரு நோட்டு போடுங்கள். எலி ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள், பிறகு உங்களுக்கே தோன்றும் என்ன செய்வதென்று. வேறு வழி கண்டுபிடித்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.